எழுந்து நின்ற சின்னப்பன்

தொடையில் கட்டெறும்பு கடித்ததால்தான் சின்னப்பன் ஆலயத்தில் துள்ளி எழுந்தான். எழுந்த நேரம்தான் சரியில்லை.

"துளசிங்கத்தோட வலையை அறுத்தவர், மனசாட்சிக்குப் பயந்து இப்பவே எழுந்து நிக்கட்டும்" என்று ஆயர் கவியரசன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ "அல்லேலூயா" என்றார்கள்.

"ஐயா, எறும்பு..."

"எது எழுப்பினா இன்னாப்பா? எழுந்தியே, அதான் பெருசு" என்று ஆயர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

துளசிங்கம் ஏரி வாய்க்காலை மறித்துக் குறுக்கே வலை கட்டியிருந்தான். அந்தப் பக்கம் ஒருவருக்கும் இறால் வரவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் வலை கந்தல் கந்தலாகக் கிடந்தது.

சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. இரண்டு ஞாயிறு சின்னப்பன் பீடத்துக்குக் கீழே சபையைப் பார்த்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை அவனுக்குத் திருவிருந்து கிடையாது. அவன் மகள் ஐஸ்வர்யாவின் கல்யாண அறிவிப்பு ஓலையும் ஆலயத்தில் வாசிக்கப்படாது.

"அன்னிக்கு நான் ஆரம்பாக்கத்துல, சம்பந்தி வூட்ல இருந்தேன்யா!"

"அதை இப்ப யாரு கேட்டா?" என்றார் கமிட்டித் தலைவர் தருமன்.

வீட்டில் ஹேமாவதி பிடித்துக்கொண்டாள். "எறும்பு கடிச்சா உக்காந்துகினே சொறியறதுக்கு இன்னா? பொண்ணு கல்யாணம் நிக்குதுய்யா!"

"சத்தியமா நான் அறுக்கலடி."

"அறுத்தியோ இல்லியோ, மன்னிப்பு கேட்டுட்டு வா. வாய் தேயுமா?"

நேராகத் துளசிங்கத்திடமே சொல்லிவிடுவதென்று சின்னப்பன் போனான். வாயைத் திறப்பதற்குள் துளசிங்கம் அவனைக் கட்டிக்கொண்டான்.

"இந்த ஊர்ல மூஞ்சிக்கு நேரா ஒத்துகினவன் நீ ஒருத்தன்தான். தப்பு எம்மேலயும் கீது. இனிமே வாய்க்கால் குறுக்க வலை கட்ட மாட்டேன். உனக்காக!"

சின்னப்பன் யோசித்தபடியே திரும்பினான். உண்மையைச் சொன்னால் வலை மறுபடியும் ஏறிவிடும். சொல்லாவிட்டால் அவன் பொய்யனுக்குச் சமம்.

முதல் ஞாயிறு பீடத்துக்குக் கீழே போய் நின்றான். பொய் மட்டும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தான்.

"சபையாரே, அந்த வலையை அறுத்தது நான்..."

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிக்கு வருவதற்குள் தருமன் உச்சக்குரலில் பாட்டை எடுத்தார். சபை மொத்தமும் எழுந்து கைதட்டிப் பாடியது. சின்னப்பன் இரண்டு தரம் "இல்லை" என்று கத்தினான். மேளக்காரர் இன்னும் ஓங்கி அடித்தார்.

அன்று மதியத்திலிருந்து அவன் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. லட்சுமி வாளி நிறைய நண்டு கொடுத்தாள். மணிகண்டன் கல்யாணப் பந்தல் தன் செலவு என்றான். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நீ ஒண்ணும் பேசாதே."

தன்மேல் ஊருக்கு இவ்வளவு பாசம் இருக்கும் என்று சின்னப்பன் நினைத்ததே இல்லை. அடுத்த ஞாயிறு சபையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். சபை அழுதது. ஆயர் அவனை அணைத்துக்கொண்டு, ஐஸ்வர்யாவின் ஓலையை வாசித்தார்.

எல்லாரும் போன பிறகும் அவனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாளிடம் போய் நின்றான்.

"யக்கா, மனசு கேக்கல. செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிட்டேன். இவ்ளோ நல்ல ஜனங்களை ஏமாத்திட்டேனே! இப்பவே ஐயாகிட்ட போய் உண்மையைச் சொல்லப்போறேன்."

முனியம்மாள் அவசரமாக வாசலுக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"சும்மா கெடப்பா! உம் பொண்டாட்டியிலேர்ந்து ஆளுக்கு நாலு கண்ணி அறுத்தோம். இந்தச் சபையிலேயே அந்த வலையில கை வெக்காதவன் நீ ஒருத்தன்தான்."