மூன்று பேருக்கு மூன்று வரி

நான் ஒரு சந்தேகப் பிராணி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடினால், நிஜமாகவே தூங்குகிறாரா என்று ராஜபாளையம் வரை கவனித்துக்கொண்டே போவேன். ஓட்டலில் சட்னி தீர்ந்துவிட்டது என்றால் அடுக்களையை எட்டிப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி கோமதி தலைவலி என்று படுத்தபோது, "எந்தப் பக்கம் வலிக்கு?" என்று காலையிலும் மாலையிலும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவன். (ஒத்துப்போகவில்லை. ஆனால் அதற்குள் எனக்கே தலை வலிக்க ஆரம்பித்திருந்தது.)

இப்படிப்பட்டவன் அரசியலுக்குப் போனால் என்ன ஆகும்? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆனது.

அப்போது சங்கரன்கோவிலில் ஒரு டுடோரியலில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பகலில் பாடம், மாலையில் கட்சி. (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் இதில் பாதியை நம்ப மாட்டீர்கள்.) அந்த வருஷத் தேர்தலில் நாங்கள் தோற்றோம். எங்கள் தெருவில் தோற்றோம், என் வீட்டிலேயே ஒரு ஓட்டு மாறி விழுந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். கோமதியிடம் கேட்டால் இன்றுவரை சிரிக்கிறாளே தவிர பதில் சொல்வதில்லை.

தோற்ற கையோடு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரி விஷயத்தில் மக்களிடம் இனி என்ன சொல்வது, பொருளாதாரக் கொள்கையை எப்படி மாற்றுவது, கட்சிக்கு எதிர்காலம் உண்டா என்று ஒவ்வொரு ஊரும் கூடிப் பேசி அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் நகரச் செயலாளர் பரமசிவ அண்ணாச்சி, புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிறவர். என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, நீரு எம்.ஏ. எக்கனாமிக்ஸ்லா? அறிக்கையை ஒழுங்கா எழுதிக் குடுத்துரும். நகராட்சித் தேர்தல் வருது. உம்ம வார்டு உமக்குத்தான்."

கவுன்சிலர்! அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போதே தெருவிளக்கில் எது எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு போனேன்.

அறிக்கைக்காக நான்கு பேர் கொண்ட குழு. நான், விசைத்தறி வைத்திருந்த சுப்பையா, இரும்புக்கடை ஞானராஜ், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற மாடசாமி. அண்ணாச்சி கடைக்குப் பின்னால், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"நூலுக்கு வரி, நெய்த சேலைக்கு வரி. நாம அப்பம் இதை ஆதரிச்சோம்லா? அதான் தறிக்காரன் ஒருத்தன்கூட நமக்கு ஓட்டுப் போடல" என்றார் சுப்பையா.

"வரியே வேண்டாங்கல. ஆனா இவ்வளவு வேண்டாம். யாவாரி கழுத்தைப் புடிச்சா கட்சி எங்கன இருந்து வளரும்?" என்றார் ஞானராஜ்.

மாடசாமி ஆறாவதோடு நின்றவர். அவர் மட்டும் எதிர்ப்பக்கம். "வரியக் குறைச்சா ரேசன்ல என்னத்த வே போடுவிய? ஆஸ்பத்திரிக்கு மருந்து வானத்துல இருந்து விழுமா? இருக்கவன்ட்ட வாங்குங்க, இல்லாதவனுக்குக் குடுங்க. இதைத் தைரியமாச் சொன்னாத்தான் நமக்கு எதிர்காலம்."

இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். நான் எழுந்து, கையை உயர்த்தி, ஒரு மேதையின் நிதானத்தோடு நடுவழி சொன்னேன். "வரியையும் குறைப்போம், சலுகையையும் கூட்டுவோம்."

மாடசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டுக்குத் தழையக் குறைச்சுட்டுப் பாலைக் கூட்டுன்னா அது எப்படிவே கூட்டும், வாத்தியாரே?"

அண்ணாச்சி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. (எனக்குப் பதில் எப்போதுமே மறுநாள் காலையில்தான் வரும்.)

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அங்கே வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்து வீட்டுக்காரர், தையல்கடை வைத்திருப்பவர், ஜெயித்த கட்சியின் வார்டுச் செயலாளர். என்னைக் கண்டதும் டம்ளரை இறக்கினார்.

"வாரும் வே. தழையக் குறைச்சுப் பாலைக் கூட்டப் போறியளாமே?"

டீ சொல்ல வந்ததையே மறந்தேன். மூடிய கதவுக்குள் ஐந்து பேர் பேசியது, விடிந்ததும் எதிராளி வாயில்! நான் கேட்டேன், "யாரு சொன்னா?" வேலாயுதம் மீசையைத் தடவினார். "நல்ல சேதி காத்துல வரும் வே."

அடுத்த கூட்டத்துக்கு மறுநாளும் அதே கதை. சுப்பையா நூல் வரியைப் பற்றிச் சொன்னதும், ஞானராஜ் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்துபோனதும் வேலாயுதத்துக்கு அப்படியே தெரிந்திருந்தது. இனிச் சந்தேகமே இல்லை. குழுவுக்குள் ஒரு துரோகி.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஞானராஜ் செல்போனைக் கவிழ்த்தே வைக்கிறார், ஏன்? சுப்பையா வெற்றிலை துப்ப மூன்று தடவை வெளியே போகிறார், அவ்வளவு எச்சில் ஒரு மனிதனுக்கு எப்படி ஊறும்? மாடசாமியிடம் செல்போனே இல்லை. இதுதான் ரொம்ப மோசம். இந்தக் காலத்தில் செல்போன் இல்லாதவன் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

இரண்டு நாள் யோசித்து ஒரு பொறி வைத்தேன். உளவுத்துறைக்காரர்கள்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார்கள் என்று அன்று எனக்கு நினைப்பு. மூன்று பேரிடமும் மூன்று வேறு வேறு பொய் சொல்வது. எந்தப் பொய் வேலாயுதம் வாயிலிருந்து வருகிறதோ, அதைக் கேட்டவன்தான் துரோகி.

சுப்பையாவைத் தறிக்கூடத்தில் பிடித்தேன். தறிச்சத்தத்தில் காதோடு காதாக, "மேலிடம் ஒண்ணு யோசிக்கு. பூவுக்கு வரி. முழத்துக்கு இவ்வளவுன்னு. வெளிய விட்டுறாதிய" என்றேன். "பூவுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் அறுந்த நூலை முடிய ஆரம்பித்தார்.

ஞானராஜிடம், "பிரியாணிக்குத் தனி வரி போடச் சொல்லப்போறாங்களாம்" என்றேன். "பிரியாணிக்குப் பேர்போன நம்ம ஊர்லயா? ஓட்டு அறவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாவளா?" என்றார்.

மாடசாமியிடம், "ஆட்டுக்கு வரி. தலைக்கு இவ்வளவு" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தலைக்குன்னா, கொம்புக்குச் சேத்தா, தனியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். (அது கேலி என்று எனக்குப் புரிய நாலு நாளாயிற்று.)

மறுநாள் மாலை ரதவீதியில் ஜெயித்தவர்களின் நன்றி அறிவிப்புக் கூட்டம். நான் ஒரு ஜவுளிக்கடை ஓரமாக, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். நாலைந்து பேர் கடந்துபோகும்போது "என்ன சார், பல்லு வலியா?" என்று கேட்டார்கள்.

வேலாயுதம் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! இவங்க கையில ஆட்சி போயிருந்தா உங்க தலையில இருக்க மல்லியப்பூவுக்கும் வரி!"

நான் ஒரு விரலை மடக்கினேன். சுப்பையா! நீயா? ஒன்றாகத் தறிக்கூடத்தில் காப்பி குடித்தோமே!

"நம்ம ஊரு பிரியாணிக்கும் வரி!"

ஞானராஜும் கூடவா?

"காட்டுல மேயுத ஆட்டுக்கும் வரி! தலைக்குத் தலை வரி!"

கூட்டம் ஊளையிட்டது. நான் மூன்றாவது விரலையும் மடக்கினேன். நாலு பேர் குழுவில் மூன்று பேர் துரோகிகள்! இந்தக் கட்சிக்கு எதிர்காலம் எங்கே இருந்து வரும்?

மறுநாள் காலை அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஊரே ஓடி வந்திருந்தது. பூக்கட்டுகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடைகளோடு வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். "ஏ அண்ணாச்சி, பூவுக்கு வரி போடுத அந்த மகராசன் யாரு? இங்கன கூட்டிட்டு வாங்க!" என்று ஒரு அம்மா முழங்கையை அளந்து காட்டினாள். பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு நின்றார். சந்தைக்கு ஆடு ஓட்டிவந்த இரண்டு பேர் விஷயம் கேட்டு வழியில் திரும்பி, ஆடுகளோடு கடைக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் நியாயம் கேட்டுக்கொண்டிருக்க, முப்பது ஆடுகளும் எந்த நியாயமும் கேட்காமல் புண்ணாக்கு மூட்டைகளை நோக்கி உள்ளே போயின.

"ஏலே, வெரட்டுங்கலே! தின்னு தீக்குது!" அண்ணாச்சி ஒரு கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கிடாயும் அவரை இழுத்துக்கொண்டிருந்தது. குழு உறுப்பினர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? நான் ஒரு மூட்டைமேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! இது எல்லாத்துக்கும் காரணம் இந்த மூணு துரோகிகள்தான்!"

கடை அமைதியானது. ஆடுகள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் பொறியை விளக்கினேன். பூ வரி சுப்பையாவுக்கு மட்டும்தான் தெரியும், பிரியாணி வரி ஞானராஜுக்கு மட்டும், ஆட்டு வரி மாடசாமிக்கு மட்டும். மூன்றும் மைக்கில் வந்துவிட்டது. ஆகவே மூன்று பேரும் குற்றவாளிகள். வகுப்பில் சொல்வதுபோல, "புரிந்ததா?" என்றுகூடக் கேட்டேன்.

சுப்பையாவுக்கு முகம் செத்துவிட்டது. இருபது வருஷமாகக் கொடி கட்டினவர். "என்னையா வாத்தியாரே சொன்னீரு?" என்று மட்டும் கேட்டார். ஞானராஜ் என்னை அடிக்க வந்தார்.

மாடசாமிதான் நிதானமாக, "நான் உம்மட்டக் கேட்டதுல இருந்து காட்டுல கிடை போட்டுக் கெடந்தேன். இன்னைக்குக் காலையிலதான் ஊருக்குள்ள வாரேன். எவன்ட்டப் போய்ச் சொல்ல? ஆட்டுட்டயா?" என்றார்.

அப்போது வாசலில் ஒரு குரல். "அவங்களை வையாதேயும் வே. அவங்க ஒருத்தரும் சொல்லல."

வேலாயுதம். வேடிக்கை பார்க்க வந்தவர், சுப்பையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருந்தார்.

"பின்ன யாரு சொன்னா?" என்றேன்.

"நீருதான்."

"நானா!"

"டெய்லி காலையில ஆறு மணிக்குச் சொல்லுதீரே. உம்ம குளியலறை சன்னலுக்கு அங்கிட்டுதான் நான் பல்லு தேய்க்கேன்."

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் தோற்ற விவாதத்தையெல்லாம் மறுநாள் குளிக்கும்போது திரும்ப நடத்தி ஜெயிப்பேன். எல்லார் வசனத்தையும் நானே அவரவர் குரலில் பேசி, கடைசியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை முழங்குவேன். மனதுக்குள்தான் பேசுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"மாடசாமி குரல் நல்லா வருது உமக்கு" என்றார் வேலாயுதம். "அப்புறம் முந்தாநாள், 'பூ சுப்பையாவுக்கு, பிரியாணி ஞானராஜுக்கு, ஆடு மாடசாமிக்கு, எது வெளிய வருதுன்னு பாத்துருவோம்'னு சிரிச்சீரு பாரும். ஒண்ணை மட்டும் எடுத்துப் பேசினா பாவம் ஒரு ஆளு மாட்டிக்கிடுவான். அதான் மூணையும் பேசிட்டேன்."

முதலில் சிரித்தது பூக்கார அம்மா. பிறகு பிரியாணிக் கடைக்காரர். பிறகு கொம்பை விட்டுவிட்டு அண்ணாச்சி. கடைசியாக மாடசாமி சிரித்தபோது, மூட்டையிலிருந்து இறங்க எனக்குக் கால் வரவில்லை. சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டு வாசலுக்கு நான் மூன்று தடவை போய், மூன்றாவது தடவைதான் காப்பி வந்தது.

அறிக்கை ஒருவழியாகப் போனது. ஒரே பக்கம். மாடசாமி சொல்லச் சொல்ல என் கையெழுத்தில் எழுதினேன். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. வார்டை அண்ணாச்சி சுப்பையாவுக்குக் கொடுத்தார், அவர் ஜெயித்தும்விட்டார். எனக்கு ஊரில் 'பூவரி சார்' என்று பெயர் நிலைத்தது. வீட்டிலோ இன்னும் மோசம். முறுக்கு டப்பா காலியானால் நான் வாயைத் திறக்கும் முன்பே கோமதி, "மூணு பேருக்கும் மூணு விதமாச் சொல்லிப் பாருங்களேன்" என்பாள்.

போன வருஷம் என் மகளுக்குக் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் பற்றி ஊரில் விசாரிப்பார்களே, யாரிடம் விசாரிப்பார்கள், அவர் என்ன சொல்வார் என்று நான் ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தேன். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியிடமே கேட்டுவிட்டேன்.

"உங்க பக்கத்து வீட்டு டெய்லரண்ணாச்சிட்டத்தான் கேட்டேன்" என்றார் அவர். "'கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணை எடுங்க. அந்த வீட்டுல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது, இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்'னாரு. அதுக்கு மேல என்ன விசாரிக்க?"