இரண்டு பக்கமும் பிரேக்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அந்த முழங்காலின் கதையும் இதிலேயே வரும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, போன் செய்தால் நீ எடுப்பதில்லை, நேரில் வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாய். கடிதத்திடம் அந்தத் தலைவலி பலிக்காது.

நீ கடைசியாகப் பேசியபோது போட்ட உத்தரவை நான் மறக்கவில்லை. உன் மருமகள், அதாவது என் மகள், சமூகக் கூடத்தில் நடக்கிற ஜோடி நடன வகுப்பில் இன்னொரு பெண்ணின் தோளில் கை வைத்து ஆடுகிறாள் என்று சலவைக் கடைக்காரி உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அந்த இன்னொரு பெண் யார் என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும் உனக்கும் எனக்கும் தெரியும்: பல் டாக்டர். அவர்கள் இருவரும் சேர்ந்து வாழப்போகிறோம் என்று சொல்லி வீடு பார்த்துக் குடிபோன நாளிலிருந்து நீ என் மகளோடு பேசுவதில்லை. "வீட்டுக்குள்ள எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், ஊர் பார்க்க ஆடணுமா? நீ அப்பன்தானே, போய் நிறுத்து. அதுக்கப்புறம் நம்ம வீட்டுப் பெரியவங்க யாரும் அந்தக் கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்றாய். வேலை பார்த்த காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராகவே இருந்தவன் நான். 'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்தால் என் வலது கால் தானாக எழுந்துவிடும். எழுந்தது, போனேன்.

வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். நடன ஆசிரியை பகலில் தையல் கடை வைத்திருக்கிற அம்மா. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து வந்து நின்றவர், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை, ஆடுகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார். நான் நிறுத்த வந்தவன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் என்னை ஏற இறங்கப் பார்த்து, நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஓர் ஆள் குறைகிறது என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், மூலையில் தனியாக நின்ற ஒரு நெட்டை மனிதரோடு ஜோடி சேர்த்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் குப்பென்று வியர்த்தது. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இரண்டு ஆம்பளைகள் எப்படி ஆடுவது என்று கேட்டேன். ஒருவர் நடத்துகிறவர், ஒருவர் தொடர்கிறவர், இதில் ஆம்பளை பொம்பளை எங்கே வந்தது என்று திருப்பிக் கேட்டார். நெட்டையர் தொடர்கிறவராகத்தான் நிற்பேன் என்று அடம்பிடித்ததால் நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாட்டு ஆரம்பித்தது, எதிரே ஒரு ஜோடி வேகமாக வந்தது. என் காலுக்கு வேறென்ன தெரியும், இல்லாத பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தேன். அங்கே நெட்டையரின் கட்டை விரல் இருந்தது. அவர் ஒற்றைக் காலில் துள்ளினார், பின்னால் இருந்தவர்கள் அதைப் புதுப் பாடம் என்று நினைத்துக்கொண்டு வரிசையாகத் துள்ளினார்கள். பதறிப்போய் வலது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கும் முன் பழக்க தோஷத்தில் கையை நீட்டி சிக்னல் காட்டியதில் ஒரு அம்மாவின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் ஜன்னலடியில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கப் போனபோதுதான் முழங்கால் பிடித்துக்கொண்டது.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் என் மகளைப் பார்த்தேன். பள்ளிக்கூட விழாக்களில் கடைசி வரிசையில் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்து நிற்பாளே, அவள் கூடத்தின் நட்டநடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டுக்கு அவள் நடத்தினாள், அடுத்த பாட்டுக்கு டாக்டர் நடத்தினார், எந்த இடத்தில் மாறிக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை. என்னைக் கண்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. எதற்காக வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டுவிட்டாள். பெற்ற மகள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள், அக்கா. அன்றைக்கு நிறுத்தவில்லை. அடுத்த வாரம் நிறுத்தலாம் என்று போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். நிறுத்துவதற்கென்றே வழுக்காத ஷூ ஒன்றும் வாங்கிவிட்டேன்.

இப்படி நான் மும்முரமாக நிறுத்திக்கொண்டிருந்தபோது கூடத்தின் தலைவர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறாரே அவர், வகுப்புக்கு வந்தார். ஆண்டு விழாவுக்கு வெளியாட்கள் வருகிறார்கள், அதனால் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று அறிவித்தார். என் மகள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாங்க இனிமே வரலப்பா என்று மெதுவாகச் சொன்னாள். தலைவர் சும்மா போயிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "நீங்க பெரியவர், நாலும் தெரிஞ்சவர், நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரும் பொம்பளையா இருந்தா வண்டியை யாரு ஓட்டுறது?" என்று கேட்டார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்பேன். வண்டியைப் பற்றி என்னிடமா கேட்பது?

"டிரைவிங் ஸ்கூல் வண்டியில ரெண்டு பக்கமும் பிரேக் உண்டு சார். ஓட்டுறவரும் பிடிக்கலாம், பக்கத்துல இருக்கிறவரும் பிடிக்கலாம். அப்படி ஓட்டின வண்டி இதுவரைக்கும் எங்கயும் இடிச்சதில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நெட்டையர் மட்டும் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி அம்மா எழுந்து, என் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், நான் பக்கத்து வீட்டுக்காரியோடுதான் ஆடுகிறேன், எனக்கும் தடையா என்று ஒரு பிடி பிடித்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் எழுந்தார்கள். தலைவர் இறங்கி வந்து, சரி சரி, ஆள் கிடைக்காதவர்கள் எப்படியோ ஆடிக்கொள்ளட்டும், அது வேறு விஷயம் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். கைகூடத் தட்டினார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. டாக்டர் அவள் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டிருந்தார்.

அக்கா, அங்கேயே வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் விவகாரம் சுமுகமாக முடிந்திருக்கும், சலவைக் கடைக்காரிக்கும் பேச ஒன்றும் இருந்திருக்காது. முடியவில்லை. மறுபடியும் எழுந்தேன்.

"என் பொண்ணு ஆள் கிடைக்காம ஆடல சார். இவங்களோடதான் ஆடணும்னு ஆடுறா. வாழுறதும் அப்படித்தான். சரின்னு சொல்றதா இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

தலைவர் கூரையைப் பார்த்தார், அதற்கு எந்த பெயிண்ட் அடிக்கலாம் என்று யோசிப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். கடைசியில், அப்போ அறிவிப்பில் என்னதான் எழுதுவதாம் என்று முனகினார். 'துணையுடன் வரவும்' என்று எழுதுங்கள், எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்றார் தையல்கார அம்மா. அப்படியே எழுதி வாசலில் ஒட்டியாகிவிட்டது. எல்லாம் மாறிவிட்டது என்று அளக்க மாட்டேன். ஒரு தம்பதி வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். தலைவர் இன்னமும் என் மகளைக் கண்டால் கூரையைத்தான் பார்க்கிறார். ஆனால் அவள் ஷூவைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். வீடு திரும்பும் வழியில் என் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தை வருவாங்களாப்பா?"

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தம்பி மகள் உனக்கு மருமகள். அவள் கைப்பிடித்து அழைத்து வந்தவளும் மருமகள்தான். மருமகனுக்கு வைத்திருந்த இடத்தில் நான்தான் ஓர் எழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, உனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அத்தை என்றே கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை ஆண்டு விழா. உன்னை வா என்று நான் வற்புறுத்த மாட்டேன், வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். நம் குடும்பத்துப் பெரியவர்கள் யாரும் அந்தக் கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்ற உன் சொல்லை என் ஒருவனைத் தவிர வேறு யாரும் மீறவில்லை என்று உறுதி கூறுகிறேன். என் மனைவி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

இந்த ஒரு தடவை தவிர என்றும் உன் சொல் தட்டாத
தம்பி

பி.கு.: மேலே கொடுத்த உறுதிமொழியை அடித்துவிடவும். அந்த நெட்டையர் அத்தான்தான். மாலையில் நடைப்பயிற்சி என்று கிளம்புகிறாரே, நடை கூடத்து வாசல் வரைக்கும்தான். நான் போவதற்கு முன்பிருந்தே போகிறார். அவருக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்ததே உன் இரண்டு மருமகள்களும்தான். கட்டை விரல் நகம் கறுத்ததற்குக் கட்டில் கால் இடித்தது என்று உன்னிடம் சொன்னாராமே, அது என் கால். ஏன் தொடர்கிறவராகவே ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டுல உங்க அக்காதானே நடத்துறா. அவ ஒருநாள் வந்து நின்னா, அவளோட ஆட நான் தயாரா இருக்கணும்ல" என்றார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருபவரும் அவரே, உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை ஜோடி சேராமல் உனக்காகக் காத்து நிற்பார். நீ வராவிட்டால் நான்தான் அவரை நடத்த வேண்டும். அவருடைய இன்னொரு கட்டை விரல் உன் கையில்தான் இருக்கிறது.