இரண்டு பொட்டலம், நாலு ரோஜா

அதிகம் பேசாதவன் யோக்கியன் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டேன். ஒரே ஒரு நாள் கோயிலில் வாயைத் திறந்தேன். எல்லாம் போயிற்று.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சோலி விவசாயம். பூண்டு, கேரட். கொடைக்கானலுக்கு மேலே பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். (பஸ் வராத ஊருக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். என் மனைவி ஈஸ்வரியின் ஊருக்கும் பஸ் கிடையாது. அதனால் கொடுத்தார்கள்.) எங்களுக்கு ஒரே மகள், பவித்ரா. மதுரையில் ஹாஸ்டலில் இருந்து டிகிரி முடித்தாள். மேலே படிக்க இரண்டு ஊரில் இடம் கிடைத்தது. ஒன்று பெங்களூர். இன்னொன்று டெல்லி.

என்ன படிப்பு என்று கேட்டேன்.

"பப்ளிக் பாலிசிப்பா. அரசாங்கம் ஒரு காரியத்த ஏன் செய்யுது, எப்படிச் செஞ்சா ஜனங்களுக்குப் போய்ச் சேரும், அதெல்லாம்."

"செய்யாமயே கெடந்தா?"

"அதுக்கும் பாடம் இருக்கு."

படிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. டெல்லிதான் பிடிக்கவில்லை. பெங்களூர் என்றால் கொடைக்கானலில் சாயங்காலம் பஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். ஒரு பை கேரட்டைக் கொடுத்து, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தண்ணீர் பாய்ச்ச வந்துவிடலாம். டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி. இறங்கினால் வழி கேட்கப் பாஷை தெரியாது. (எனக்குத் தமிழிலேயே வழி கேட்க வராது. அது வேறு விஷயம்.)

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "ஒன் இஷ்டம்" என்றேன்.

அவள் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டிருந்தாள். மேலே "பத்து வருஷம் கழித்து என்ன வேலை?" என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம் பெங்களூர், அந்தப் பக்கம் டெல்லி. எழுத எழுத இரண்டு பக்கமும் சமமாக நிறைந்துகொண்டே போயின. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பூப் போட்டுப் பாப்போம்" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

"பாலிசி படிக்கப் போறவ பூப் போட்டா பாப்பா?" என்று சிரித்தாள். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சரிப்பா. தலை வெடிக்குது. முருகனே சொல்லட்டும்."

எங்கள் ஊரில் முடிவு தெரியாத காரியத்துக்கு அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து நார் போட்டுக் கட்டி, சாமி முன்னால் வைக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. வெள்ளை பெங்களூர், சிவப்பு டெல்லி என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. யோக்கியன் அல்லவா?

வியாழக்கிழமை வெள்ளனே எழுந்தேன். வேலியில் வெள்ளை ரோஜாவும் பூத்திருந்தது, சிவப்பு ரோஜாவும் பூத்திருந்தது. கை வெள்ளைப் பக்கம் போயிற்று. ஒன்று பறித்தேன். மறுபடியும் வெள்ளைப் பக்கமே போயிற்று. இரண்டாவதையும் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. முருகனுக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

அன்றைக்குக் கிருத்திகை. கோயிலில் பாதி ஊர் நின்றது. பூசாரி எனக்கு மாமன் முறை. பொட்டலங்களை வேல் அடியில் வைத்தார், கண்ணை மூடினார், ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார். நான் நிம்மதியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சிவப்பு ரோஜா.

அங்கேதான் வாயைத் திறந்தேன்.

"அதெப்படிச் செவப்பு வரும்? நான் ரெண்டுலயும் வெள்ளையில்ல வச்சேன்!"

மணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு அம்மா "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. பூசாரி மாமா மெதுவாக இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் சிவப்பு.

"ஏலே மாப்ள" என்றார். "வெள்ளையா வச்சேங்கிற. வர்ற வழியிலயே பழுத்துருச்சாக்கும்?"

கோயில் குலுங்க ஊரே சிரித்தது. நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவ்வளவு பக்தியாக நின்று நான் பார்த்ததில்லை.

"நீயா?"

"பூண்டு மூட்டையில மேலாக்கப் பெருசு, அடியில பொடுசுன்னு அடுக்கி அனுப்புற கை ஒங்களுது" என்றாள். "நீங்க குளிக்கப் போனதும் பிரிச்சுப் பாக்காம இருப்பனா?"

"பாத்தவ ஒன்னை மட்டும் மாத்தியிருக்கலாம்ல?"

"நீங்க ஒன்னை மட்டும் வெள்ளையா வச்சீங்களாக்கும்?" பிறகு குரலை இறக்கினாள். "பஸ் இல்ல, தூரம்னு சொல்லி என்னை எட்டாவதோட நிப்பாட்டுனாங்க. எம் மகளத் தூரத்தச் சொல்லி நிப்பாட்ட விடமாட்டேன்."

பவித்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாமியக் கேப்போம்னு கூட்டியாந்துட்டு, ரெண்டு பேரும் சாமிக்கே சொல்லிக் குடுக்கிறீங்க" என்றாள். விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா?"

"பெங்களூர்னா வெரசா வந்து பாக்கலாம்."

"அதை வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எனக்காகப் போயிருவ."

"போயிருப்பேன்தான். அப்பறம் பூ மட்டும் எதுக்கு?"

"சாமி சொன்ன மாதிரி இருக்கட்டும்னு."

கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் ஊருக்கு வராத பஸ்.

"சரி, ஊர விடுங்க. படிச்சு முடிச்சு நான் என்னவா வரணும்னு நெனக்கிறீங்க?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன்.

"என்னவா வேணா வா. நம்மூருக்கு ஒரு பஸ் வந்தாச் சரி."

அவள் என்னையே பார்த்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பெங்களூரில் கணக்குப் போடவும் அறிக்கை எழுதவும் நன்றாகக் கற்றுக்கொடுப்பார்களாம். பெரிய ஆபீஸில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் வேலை வருமாம். டெல்லியில் இரண்டாம் வருஷம் ஏதாவது ஒரு மாவட்ட ஆபீஸுக்கே அனுப்பிவிடுவார்களாம். ஃபைல் எந்த மேஜையில் நின்றுபோகிறது என்று கூடவே இருந்து பார்க்கலாமாம்.

"இதுல எது பெரிய வேலைன்னே பாத்துட்டிருந்தேன்ப்பா. பஸ் ஏன் வரலைன்னு எழுதுறதா, பஸ்ஸ வர வைக்கிறதா? அம்புட்டுத்தேன்."

பெங்களூர்ப் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

பெங்களூருக்கு அனுப்பச் சாமியையே ஏமாற்றப் பார்த்தவன், வாய் திறந்து ஒரு உண்மை சொல்லி டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகு ஒரு வாரம் கேரட் பாத்தியில் ஒரே இடத்திலேயே களை எடுத்தேன் என்று ஈஸ்வரி சொல்கிறாள். இருக்கும்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் கோயிலுக்குத் தேங்காய் கொண்டுபோனால், பூசாரி மாமா ஆட்டிப் பார்த்துவிட்டு "உள்ளயும் தேங்காதான மாப்ள?" என்கிறார். கதை பூண்டு வியாபாரி வரைக்கும் போய்விட்டது. மூட்டையை அடிவரைக்கும் கொட்டிப் பார்க்கிறார். (அதனால் இப்போது ஒரே சீராகத்தான் அடுக்குகிறேன்.)

பவித்ரா வடக்கே ஒரு மலை மாவட்டத்தில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினாள். பனி பெய்த ஊரில் மாலை போட்ட ஒரு பஸ். முதல் தடவையாக வந்த பஸ்ஸாம். எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. அந்தப் போட்டோவைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

போன வாரம் போன் செய்தாள். இரண்டு வேலை வந்திருக்கிறதாம். ஒன்று அங்கேயே. இன்னொன்று மதுரை.

"பூப் போட்டுப் பாக்கலாமாப்பா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வேணாம்" என்றேன். "எந்த வேலைன்னு நீ பாத்துக்க. எனக்கு மதுரைன்னா வெரசா வந்து பாக்கலாம்."

போன் அதிரக் கத்தினாள். "அம்மா! அப்பா வாயத் தொறந்து கேட்டுட்டாரும்மா!"

அடுப்படியிலிருந்து ஈஸ்வரி கேட்டாள்.

"நல்லாப் பிரிச்சுப் பாத்தியாடி?"