சுவரைப் பார்த்துப் போட்ட தாளம்

குருநகர்,
ஆடி 9.

அன்புத் தம்பி ஜெயசுதன் அறிவது,

மாதாவின் இரக்கத்தால் இங்கே நானும் உன் அண்ணி ஸ்ரெல்லாவும் சுகம். கனடாவில் நீங்களும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன். மன்றாட்டு முடிந்தது, இனி முறைப்பாடு.

உன் மகள் ஷெரோன் இரண்டு வெள்ளைக்காரரோடும் ஏழு பெட்டிகளோடும் வந்து இறங்கினாள். தாளமும் பேச்சும் மனிதக் காதுக்குள் எப்படிப் போகின்றன என்று ஆராய்கிறார்களாம். கனடாவில் காதுகள் தீர்ந்துவிட்டன போலும், எங்கள் கோயில் பாடற்குழுவைத் தேடி வந்தார்கள். முதலில் ஸ்ரெல்லாவை இயல்பாகக் கதைக்கச் சொன்னார்கள். அவள் இயல்பாக என்னை ஏசினாள். "மீன் வாங்கப் போன மனிசன் மீனைக் கடையிலை விட்டிட்டு வாறதோ?" என்று தொடங்கி மூன்று நிமிடம். அதில் அபூர்வமான ஒழுங்கு இருக்கிறதென்று வெள்ளைக்காரர் வியந்து, இன்னொரு தரம் ஏசச் சொன்னார்கள். அவளும் முகம் கோணாமல் ஏசினாள். முப்பத்தெட்டு வருடமாக இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசாத என் பொறுமையை அளக்க மட்டும் ஒரு பெட்டியும் கொண்டுவரவில்லை.

பிறகு என் முறை. பாட்டு நடத்தும் ஸ்ரெல்லாவுக்கு நேர் எதிரே இருந்து இருபத்தாறு வருடம் தபேலா வாசித்தவன் நான். என்னை மறைக்கல்வி அறையில், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து இருத்தி, ஹெட்போனை மாட்டி, உள்ளே கேட்கும் 'டிக்'குக்கு மேசையில் தட்டச் சொன்னார்கள். பெட்டியில் சத்தமே ஒழுங்காக வரவில்லை. "மகள், உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு" என்றேன். "இதுதான் முழுச் சத்தம், பெரியப்பா" என்றாள். முடிவு என்ன தெரியுமா? நான் கால் செக்கன், அதாவது கால் நொடி, பிந்துகிறேனாம். சில இடங்களில் முந்துகிறேனாம். மூன்று மணிக் கலியாணத்துக்கு ஐந்து மணிக்கு வரும் சனம் என் கால் செக்கனை மன்னிக்க மறுக்கிறது.

கீபோட் வாசிக்கும் ஜெரிசன் உடனே, "அங்கிள், திருநாளுக்கு நீங்கள் முன்வரிசை வாங்கிலை ஆறுதலா இருங்கோ. ஒரு பட்டனை அமத்தினால் தபேலா தானாய் வரும்" என்றான். போன ஞாயிறு அமத்தினான். எங்கள் சனம் ஒவ்வொரு வரியின் முடிவையும் இழுத்து இழுத்துப் பாடும். மெசின் யாருக்கும் காத்திருக்கவில்லை. அது பாட்டை முடித்தபோது சனம் இரண்டாம் அடியில் நின்றது. பூசை வைத்த சுவாமி எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். அப்படியிருந்தும் என் தபேலா உறையோடு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஆவணி பதினைந்து மாதா திருநாள். அன்று நான் வாசிக்காவிட்டால் கோயிலுக்கே போகமாட்டேன். ஆகவே பெட்டி பழுது என்று சுவாமியிடம் ஒப்புக்கொள்ளும்படி உன் மகளுக்குச் சொல். என் காதில் ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக, ஆராய்ச்சியாளரிடமிருந்து எங்களையும்.

இப்படிக்கு,
அண்ணன் செபநாயகம்

பி.கு: ஸ்ரெல்லா தேத்தண்ணி போடப் போய்விட்டாள். தம்பி, பெட்டியில் பழுதில்லை. கிட்ட வந்து கதைத்தால் விளங்கும். மற்றப்படி மூன்று வருடமாகப் பாட்டு எனக்கு மழை இரைச்சல்தான். பாடும்போது ஸ்ரெல்லாவின் நாடி, அதுதான் முகவாய், இறங்குவதைப் பார்த்து என் கையும் இறங்கும், அவ்வளவே. சுவருக்கு நாடி இல்லையே. காதுக்குள் மறையக்கூடிய மெசின் ஒன்றைத் திருநாளுக்கு முன்னர் எடுத்துத்தரும்படி ஷெரோனிடம் இரகசியமாகச் சொல். வெள்ளைக்காரர் இரண்டு தரம் கேட்ட அந்த ஏச்சை நானும் ஒரு தரம் ஒழுங்காகக் கேட்க ஆசையாக இருக்கிறது.