தொட்டிக்குப் போட்ட கண்ணாடி ஒட்டு

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று நாளாகச் சொறிந்துகொண்டே இருப்பது நலத்தில் சேருமா தெரியவில்லை. நீயும் உன் படகுப் பட்டறையும் நன்றாயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் என்றேன். நீயும் தட்டாமல் கண்ணாடி இழைப் பாய் ஒரு சுருள், ஒரு டப்பா ரெசின், அது இறுக ஒரு குப்பி ஹார்ட்னர் எல்லாம் அனுப்பி, "சுலபம் அத்தான், பாய வச்சு ரெசினப் பூசுங்க, கல்லு மாதிரி ஆயிடும்" என்றாய். ஆயிற்று. முதலில் கல்லானது ரெசினைக் கலந்த குவளை. ஹார்ட்னர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் குவளை கொதித்துப் புகைந்து, பிரஷ் அதற்குள்ளேயே நட்டுக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் தபால் ஆபீஸில் பசை தடவியவன், விடுவேனா? அளந்து கலந்து, பாயைக் கத்தரித்து, மூன்று அடுக்கு ஒட்டினேன். சொட்டு ஒழுகவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் கத்தரித்த பொடியோடு போட்டிருந்த சட்டையை வாஷிங் மெஷினில் போட்டேன். உள்ளே வீட்டுத் துணி மொத்தமும் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூட டீச்சர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு என் பெண் உடுத்த வேண்டியதும் இருந்தது.

அங்கே முதல் கேள்விக்குக் கழுத்தைச் சொறிந்தாளாம். இரண்டாவதுக்குத் தோள். மூன்றாவதுக்கு நாற்காலியில் முதுகைத் தேய்த்திருக்கிறாள்.

"ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று தலைமையாசிரியை கேட்டார்களாம்.

"இல்ல மேடம், அப்பா தொட்டிய ஒட்டினாரு. மேலெல்லாம் கண்ணாடி."

"அறிவியல் டீச்சர் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க? அதையே பாடமா நடத்துங்க."

நடத்தியிருக்கிறாள். "ரெசின் தனியா காஞ்சா சட்டுனு விரிசல் விடும். கண்ணாடி நூல் இழுத்தா லேசுல அறாது, ஆனா தனியா நிக்காது. ரெசின் நூல இறுக்கிப் புடிச்சுக்கும், இழுக்கிற பாரத்த நூல் வாங்கிக்கும். அதனாலதான் தொட்டி தாங்குது. அந்த நூலோட பொடிதான் இப்ப என் முதுகுல."

"சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். இரண்டு வருஷமாக அவள் வேலை தேடுகிறாள், உனக்கே தெரியும். அழாமல் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்; அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை. உன் அக்காதான், "தொட்டிய அடைச்சீங்க, அவ பொழப்பையும் சேர்த்து அடைச்சிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு "தள்ளுங்க" தவிர ஒரு வார்த்தை இல்லை. ஆகவே, இனி உன் பட்டறையிலிருந்து ஒரு முழ நூல்கூட என் வாசலுக்கு வரக்கூடாது. மீதிச் சுருளைத் திருப்பி அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உன் படகுகள் மிதக்கட்டும், நீ அரிப்பில்லாமல் நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! "அத்தனை அரிப்புலயும் பாடத்த விடலையே, நாப்பது பசங்கள சமாளிச்சிடுவாங்க" என்றார்களாம் தலைமையாசிரியை. உன் அக்கா தானாக வந்து, காபி வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். மேலே உள்ளது எதையும் நீ படிக்கவில்லை. சுருள் இங்கேயே இருக்கட்டும், இன்னும் மூன்று மீட்டர் அனுப்பு. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.