வில்லங்கம் உள்ள வெள்ளிக் கால்கள்

சங்கரன்கோவில்,
கர வருஷம், ஆடி 26.

சிரஞ்சீவி சௌபாக்கியவதி மகள் செண்பகவல்லிக்கு அப்பா சுயம்புலிங்கம் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அம்மாள், கன்று போட்ட பசு ஆகிய மூவரும் சுகம். இதில் பசுவைப் பற்றி மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அவ்விடம் மாத்தளையில் நீயும், மாப்பிள்ளை அய்யாத்துரையும், அவருடைய தாயாரும், பேத்தி கோமதித்தாயும் சுகமாய் இருக்க அம்மன் துணை. நிற்க. இந்த ‘நிற்க’ என்ற வார்த்தையை எழுதும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. இரண்டு வயசு முடியப் போகிற பிள்ளை இன்னும் நிற்கவில்லையே, நடக்கவில்லையே என்ற நினைப்பு வந்து, எழுத வந்தது மறந்துபோகிறது.

இந்தக் கடிதத்தை உன் மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்துப் படி. முதலில் நல்ல செய்தி: நீ நேர்ந்துகொண்டு, அங்கே ஆசாரியிடம் செய்து, என் மடியில் கட்டிவிட்ட வெள்ளிக் கால் ஜோடி பத்திரமாக இருக்கிறது. சாமி அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலை மேல் நிற்கிறது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள். பனவடலிசத்திரத்து வண்டிகள் இப்போதே தெற்கு வீதியில் அவிழ்த்துக் கிடக்கின்றன. தபசன்று காலையில் முதல் ஆளாகப் போய் அம்மன் உண்டியலில் போட்டுவிடுவேன். ஆனால் நடுவில் ஒன்றேகால் மணி நேரம் அந்தக் கால்கள் நம்முடையவையாக இல்லை. அதற்குக் காரணம் நான்தான். “அப்பா, யாருட்டயும் குடுத்துராதிய, இது போயிச் சேந்தாத்தான் பிள்ள நடக்கும்” என்று ரயிலடியில் நீ கண் கலங்கிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இருந்தும் கொடுத்தேன். அதுவும் முறைப்படி எழுதிக் கொடுத்தேன்.

நடந்ததைச் சொல்லுகிறேன். உன்னிடமிருந்து திரும்பிவந்த வழியில் உள்ள கப்பல் துறைகளின் பெயரை எழுதமாட்டேன். இந்தக் கடிதமும் அந்த வழியாகத்தான் வரவேண்டும், வம்பு எதற்கு. அக்கரை, இக்கரை என்று வைத்துக்கொள். அக்கரையில் கப்பல் ஏறினதும் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சிவகிரிக்காரர், பெயர் ஜெயசிங், கொழும்பில் ஜவுளிக்கடை. “அண்ணாச்சி, மொகம் வெளிறிக் கெடக்கே, இந்த மாத்திரயப் போட்டுக்கிடுங்க, கொமட்டாது” என்று ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். குமட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்கு உடம்பு ஒரு பக்கமும் நினைவு ஒரு பக்கமுமாய்ப் போய்விட்டது. கண் திறந்திருக்கிறது, தூக்கமும் வருகிறது. கடல் உளுந்து மாவு பொங்குகிற மாதிரி மெல்ல மெல்ல எழுந்து அமுங்குகிறது. வெயில் நீலமாகத் தெரிகிறது. அப்போது மடியில் ஏதோ ஊர்கிறது, பார்த்தால் இரண்டு வெள்ளிக் கால்களும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு இறங்கிவிட்டன. கப்பல் தளத்தில் டிங் டிங்கென்று நடந்து, கம்பிக்குள் நுழைந்து, தண்ணீர் மேல் இறங்கி, நம் ஊர்த் திசையைப் பார்த்து நடக்கின்றன. வலது கால், இடது கால், வலது கால், இடது கால். கொஞ்சம்கூட நனையவில்லை. நான் “ஏட்டி கோமதி, மெல்லப் போ, மெல்லப் போ” என்று கத்துகிறேன். ஜெயசிங் என்னை உலுக்கி, “அண்ணாச்சி, கரை வந்துட்டு” என்றார்.

இக்கரையில் இறங்கினேன், ஆனால் தரை ஆடுகிறது. இன்றைக்கும் வீட்டில் லேசாக ஆடத்தான் செய்கிறது. அங்கே மணலில் ஒரு நீளத் தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு நீள மேஜை, மேஜைக்குப் பின்னால் தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட ஒரு சுங்க அதிகாரி, அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய கடிகாரம். ஜெயசிங் பெட்டியைத் திறந்தார், மேலாக இருந்த ஒரு சட்டைத் துணியை மேஜையில் வைத்தார், மறந்தவர் மாதிரி பெட்டியை மூடினார். பெட்டியில் சாக்கட்டி அடையாளம் விழுந்தது. அவ்வளவுதான், ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் என் பையைத் திறந்தேன். மாப்பிள்ளை கொடுத்த தேயிலை டின், மாசிக் கருவாடு, ஏலக்காய், எல்லாவற்றையும் கண்ணாடிக்காரர் பார்த்தார். மடியில் என்ன என்றார். காட்டினேன். “வெள்ளியா? இதுக்குத் தீர்வை உண்டு பெரியவரே. மேலே எழுதிப் போடணும், பதில் வரப் பத்து நாள் ஆகும்” என்றார். பத்து நாளில் தபசு முடிந்துபோகுமே ஐயா என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இந்தத் தேயிலை டின் பார்க்க லட்சணமா இருக்கு” என்றார். ஆமாம், மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கினது என்றேன்.

ஜெயசிங் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “அண்ணாச்சி, அந்த டின்ன அவர் பக்கமாத் தள்ளிவிட்டுட்டு வாங்களேன், ரயிலுக்கு நேரமாகுதுல்லா” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செண்பகம், டின் பெரிசில்லை. ஆனால் லஞ்சம் கொடுத்து அழைத்துவந்த கால்களை அம்மன் எந்தக் கையால் வாங்குவாள்? நாளைக்குப் பேத்தி நடந்தால் அது லஞ்சத்தில் நடந்த நடையாகாதா? மாட்டேன் என்றுவிட்டேன். மாட்டேன் என்றதும் கால்கள் மேஜை டிராயருக்குள் போய்விட்டன. ரசீது கேட்டேன். “ரசீது போட்டா இது சர்க்கார் சொத்தாயிரும், அப்புறம் உமக்குத் திரும்பிவராது. ரசீது இல்லாட்டித்தான் என்னிக்காவது வரும்” என்றார். நானும் அசையவில்லை. எனக்குப் பின்னால் வரிசை கடல்வரைக்கும் போய்விட்டது, பிள்ளைகள் அழுகிறார்கள். கடைசியில் அவர் கடுப்பாகி, “சரிய்யா, நீரே எதையாவது எழுதும், கையெழுத்துப் போட்டுத் தாறேன், இடத்தைக் காலி பண்ணும்” என்று ஒரு காகிதத்தை வீசினார்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதின கை. தலையில் மாத்திரை, காலுக்குக் கீழே கடல். பேனாவை எடுத்ததும் கை அதன் போக்கில் ஓடிற்று. நான் பாட்டுக்குக் கூரையில் வெயில் ஊசி ஊசியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கை பாட்டுக்கு எழுதுகிறது. எழுதி முடித்து நான் கையெழுத்துப் போட்டேன், அவரும் வழக்கம்போல் படிக்காமலே போட்டார், ஜெயசிங்கும் அங்கிருந்த பியூனும் சாட்சி போட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரமும் குறித்தேன்: ஒன்பதரை. பத்திரம் என்றால் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டவேண்டும், அது என் தொழில் தர்மம். எழுந்து நின்று படித்தேன்:

“மேற்படி துறையில் உத்தியோகம் பார்க்கும் தங்களுக்கு, சங்கரன்கோவில் சுயம்புலிங்கம் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். எனக்குப் பாத்தியப்பட்ட வெள்ளிக் கால் இரண்டு. இதற்கு நான்கெல்லையாவது: கிழக்கே கடல், தெற்கே கடல், வடக்கே தங்கள் தண்ணீர்க் கூஜா, மேற்கே தேயிலை டின். இதற்குட்பட்ட கால்களைத் தாங்களும் தங்கள் புத்திர பௌத்திரர்களும் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி கால்களின் பேரில் வில்லங்கம் ஒன்று உண்டு. அதாவது, பிள்ளைக்கு நடை வராத குறை. மேற்படி வில்லங்கத்தை இந்நேரம் முதல் தாங்களே ஏற்றுக்கொண்டு, தங்கள் சந்ததியில் தீர்த்துக்கொள்ள வேண்டியது.”

படிக்கும்போதுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் கைவசம் வாங்கியதற்குச் சீட்டு எழுதவேண்டியவன், தானமாகவே கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். வில்லங்கத்தை மறைத்து நான் ஒரு பத்திரமும் எழுதினதில்லை, அந்தப் பழக்கம் அதிலும் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக்காரர் மூஞ்சி சுண்ணாம்பாகிவிட்டது. “யோவ், என்னய்யா எழுதியிருக்கீரு? என் வீட்டுல எட்டு மாசப் பிள்ளை தவழுதுய்யா!” என்றார். பியூன் எட்டிப் பார்த்து, “சந்ததின்னு போட்டிருக்கே சார், நீங்க கையெழுத்தும் போட்டுட்டீங்களே” என்றான். ஜெயசிங் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான், அவரும் சும்மா இருக்கவில்லை: “சார், சங்கரன்கோவில் அம்மன்ட்ட விளையாடப்படாது சார். நாங்களே பாம்பக் கண்டா அங்கனதான் ஓடுதோம்.”

கிழிச்சிருவோம் என்று கண்ணாடிக்காரர் காகிதத்தைப் பிடுங்கினார். கிழித்தால் பத்திரம் ரத்தாகாது ஐயா, ரத்துப் பத்திரம்தான் எழுதவேண்டும் என்றேன். சட்டம் என்னவோ அதைத்தானே சொல்லமுடியும்? அப்புறம் அவர் தம்முடைய நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்தார். காப்பி வந்தது. நல்ல காகிதம் வந்தது. பியூன் விசிறினான். நான் ரத்துப் பத்திரத்தைப் பொறுமையாக எழுதி, கடிகாரம் பத்தே முக்கால் காட்டும்போது கையெழுத்துப் போட்டேன், அவர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார். அதற்குள் ரயில் ஊதிவிட்டது. ஜெயசிங் இடம் பிடிக்க ஓடிப்போனார், பியூன் மட்டும் சாட்சி போட்டான். கால்களைக் கண்ணாடிக்காரர் இரண்டு கையாலும் ஏந்தி என் மடியில் வைத்தார். அந்தக் காகிதங்கள் தம் கண்ணிலேயே படக்கூடாது என்று இரண்டு பத்திரத்தையும் என் பைக்குள் திணித்தார். தேயிலை டின்னை அவர் தொடவே இல்லை.

ஆக, கால்கள் சட்டப்படி நமக்குத் திரும்பிவிட்டன. லஞ்சமும் கொடுக்கவில்லை. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை அம்மன் மன்னிக்கவேண்டும், நீயும் மன்னிக்கவேண்டும். தபசன்று செலுத்திவிட்டால் பேத்திக்கு நடை வந்துவிடும், கவலைப்படாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தி அம்மாளுக்கு நமஸ்காரம், கோமதித்தாயின் இரண்டு உள்ளங்காலுக்கும் தாத்தா முத்தம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
சுயம்புலிங்கம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி, ஒட்டப் பசை இல்லாமல் வைத்திருந்தேன். இன்று காலை தபால்காரர் செல்லச்சாமி மாப்பிள்ளையின் கார்டைக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை காலை கோமதித்தாய் உங்கள் கடை வாசற்படியைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, அரிசி மூட்டைவரை ஏழு அடி தானாக நடந்தாளாம். ஏழு அடி! உன் அம்மாள் கார்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுகிறாள். நானும் அழுதேன், அதற்கென்ன வெட்கம். அப்புறம் கார்டின் கடைசி வரியைப் படித்தேன்: “அப்போது மணி ஒன்பதரை.” செவ்வாய், ஒன்பதரை. நான் கொட்டகையில் கடிகாரம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நேரம். அப்படியானால் பத்தே முக்காலுக்கு ரத்துச் செய்தேனே, அதற்கப்புறம் பிள்ளை நடக்கிறாளா? ஓடிப்போய்ப் பையைத் தேடி ரத்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சாட்சி. இரண்டு சாட்சி இல்லாத பத்திரத்தை நான் பத்திரம் என்றே சொல்லமாட்டேன். அது செல்லாது. ஆகவே கோமதித்தாய் தாராளமாக நடக்கலாம்.

“நீங்களும் உங்க பத்திரமும்! எல்லாம் அம்மன் செஞ்சா” என்றாள் உன் அம்மாள். இருக்கலாம். ஆனால் ரத்து செல்லாதென்றால் அந்த வில்லங்கம் இன்னும் கண்ணாடிக்காரர் வீட்டில்தானே இருக்கிறது? அவர் பேருக்கும் ஒரு ஜோடிக் கால் செய்து தபசுக்குள் போட்டுவிடவேண்டும் என்றேன். “லஞ்சம் கேட்ட பயலுக்கு நாம ஏன் கால் செய்யணும்?” என்று சத்தம் போட்டாள். அவன் கேட்டான், தவழுகிற பிள்ளை என்ன கேட்டது என்றேன். அப்புறம் உள்ளே போய், நீ முதன்முதலில் நடந்தபோது போட்டிருந்த வெள்ளிக் கொலுசை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். தங்கப்பழம் ஆசாரியிடம் உருக்கக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.