பூண்டு அறையில் ஒரு கார் கதவு

வண்டி வேலை சுத்தமாகத் தெரியாதவனால் எந்த வண்டிக்கும் ஆபத்து இல்லை. அவன் பேசாமல் பட்டறைக்குப் போய்விடுவான். ஆபத்தெல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவனால்தான். நான் வண்டி வேலையைப் பற்றிச் செல்போனில் வீடியோ பார்த்தவன். (எங்கள் மலையூர் கிளாவரையில் சிக்னல் போய்விட்டதால் பாதி வீடியோ.)

எனக்குப் பெண் பார்க்க வத்தலக்குண்டு போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் போய் இறங்கினால் மாப்பிள்ளை கெத்து என்னாவது? கொடைக்கானலில் இருக்கும் மச்சானிடம் (அக்கா வீட்டுக்காரர்) அவருடைய வெள்ளைக் காரைக் கேட்டேன். பெண் அவருக்குத் தூரத்துச் சொந்தம். சம்பந்தமே அவர் பேசியதுதான்.

"எடுத்துட்டுப் போ மாப்ள. ஒரு கீறல் விழுந்துச்சு, இந்த மாப்பிள்ள வேணாம்னு நானே சொல்லிப்புடுவேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

காரோடு எங்கள் ஊருக்குள் நுழையும்போது முட்டைக்கோஸ் லாரிக்கு வழிவிட ஒதுங்கினேன். கல்சுவர் இடதுபக்க முன்கதவை நீளத்துக்கும் வழித்துவிட்டது. எனக்குப் பயமே வரவில்லை. விடிந்தால் பெண் பார்க்கப் போக வேண்டும், நாமே முடித்துவிடலாம் என்று இறங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வீட்டுச் சுவருக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த பட்டியை அப்பினேன். (பட்டி என்றால் பட்டிதானே!) கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டைப் பூசினேன்.

சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டது. பெயிண்ட் காய்வதாக இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. எங்கள் ஊரில் பூண்டை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் புகை மூட்டித்தான் பக்குவப்படுத்துவோம். ஈரப் பூண்டே காயும்போது ஒரு கதவு காயாதா? போல்ட்டுகளைக் கழற்றிக் கதவைப் பூண்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஏலே, கதவுக்காடா புகை போடுற?" என்று அம்மா பதறினாள்.

"நீ பாரும்மா. கம்பெனிக்காரன் தோத்துருவான்."

காலையில் பார்த்தால் வெள்ளைக் கதவு கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. உதிர்ந்த பூண்டுத் தோல் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனேன், பட்டி பொலபொலவென்று கொட்டியது. திரும்ப மாட்டினால் கதவு சாத்தவில்லை. மாட்டுக் கயிறு போட்டுக் கட்டினேன். கழற்றும்போது பிடுங்கிய ஒயரை எங்கே சொருகுவது என்று தெரியாததால் கண்ணாடியும் ஏறவில்லை.

அம்மாவும் அப்பாவும் பின்சீட்டில். கொடைக்கானலில் மச்சான் ஏறினார். கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மலை இறங்கும்வரை கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, குளிரில் பல்லைக் கடித்தபடி வந்தார். கல்யாணம் போயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெண் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. மொத்தக் குடும்பமும் காரைச் சுற்றி நின்றது. மச்சான் தொண்டையைச் செருமினார். சொன்னபடி செய்யப் போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் பெண்ணே வாசலுக்கு வந்துவிட்டாள். கதவில் ஒட்டியிருந்த ஒரு பூண்டுத் தோலை நகத்தால் உரித்து மோந்து பார்த்தாள்.

"யாரு செஞ்ச வேல இது?"

"நான்தாங்க" என்றேன். "பெயிண்ட் காயட்டும்னு பூண்டு அறையில போட்டேன். இன்னும் கொஞ்சம் புகை போட்டிருந்தா சரியா வந்திருக்குங்க."

அவள் சிரித்த சிரிப்பில் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சானிடம் சொன்னாள்: "இவர வெளிய விட்டா ஊர்ல ஒரு வண்டி மிஞ்சாதுண்ணே. நாமளே வச்சுக்குவோம்."

மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கதவைப் பிடித்துக்கொண்டேன். அது கயிற்றோடு கையில் வந்தது.

கல்யாணத்தன்று அதே காரைப் பூவுக்குப் பதில் பூண்டுச் சரத்தால் அலங்கரித்துக் கொண்டுவந்தார் மச்சான். இன்றைக்கும் செருப்பு வாரை மாட்டிக்கொள்ள நான் ஏதாவது வண்டிப் பக்கம் குனிந்தால் போதும், என் மகள் வீட்டுக்குள் பார்த்துக் கத்துகிறாள்: "அம்மா, வெரசா வா! அப்பா கதவுகிட்ட நிக்கிறாரு!"